பாரிஸுக்குப் போக வேண்டிய இரண்டு நாற்காலிகள்

என் அன்பு அண்ணா கோதண்டத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்தது. அழுகை நின்றதும் உன்மேல் கோபம் வந்தது. இப்போது இரண்டும் கொஞ்சம் அடங்கியிருப்பதால் எழுதுகிறேன். இதை அச்சில் போடப்போகிறார்கள், பத்துப் பேர் படிப்பார்கள். உனக்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன். நீ எழுதிய எதையும் நாலு பேர் கேட்கச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியவன் இல்லையே.

கோபம் எதற்கு என்று கேட்பாய். மாடி வீட்டை வாடகைக்கு விட்டவர், ஐஸ் பெட்டியைக் குத்தகைக்கு எடுத்தவர், கறவை மாட்டைப் பாதிப் பாதியாக வாங்கியவர்கள் என்று அந்த வட்டாரத்தில் உன்னிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்ட அத்தனை பேரையும், சண்டை வந்தால் பாரிஸ் நகரத்துக்குப் போகச் சொல்லி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, அதற்குத்தான்.

நீ இருந்தவரைக்கும் எனக்கு இது தெரியவே தெரியாது. நீ திருக்கழுக்குன்றத்தில் பதிவு அலுவலகத்துக்கு வெளியே, புங்க மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாய். நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில் பன்னாட்டுச் சட்டமும் நடுவர் தீர்ப்பு முறையும் நடத்திக்கொண்டிருந்தேன். நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யும் கம்பெனிகள் சண்டை போட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் தாங்களே நடுவர்களை நியமித்துத் தீர்த்துக்கொள்ளும். அந்த நடுவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், எந்த ஊரில் உட்கார வேண்டும், எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நம் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார். நீ அடுத்தவர் நிலத்துக்கு நான்கு எல்லை எழுதினாய். நான் யாருக்குமே சொந்தமில்லாத நடுக்கடலில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினேன். இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் வராமல் மூணு பேரும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டோம் என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

இன்னொன்றும் சொல்லுவாய். ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்பாய்: "இன்னா வசந்தா, இதுவரிக்கும் யார் சண்டையனா தீத்து வெச்சிருக்கியா?"

"அது என் வேலை இல்லண்ணா. நான் கோட்பாடு."

"அப்ப அடுப்பு பத்த வெக்காமயே சமையல் புக்கு எழுதற."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உலக நீதிமன்றம் இருக்கிற ஹேக் நகரத்தில் கோடைக்காலப் படிப்பு படித்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் உண்மை அதுதான். அத்தனை வருஷத்தில் நான் ஒரு நடுவர் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. யாரும் கூப்பிட்டதில்லை.

ஆங்கிலத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளிய நான், தமிழில் எழுதியது ஒரே ஒரு புத்தகம். நம் பிள்ளைகள் தமிழிலேயே இதைப் படிக்கட்டும் என்ற ஆசையில் எழுதியது. பிள்ளைகள் நோட்ஸ் வாங்கிப் பாஸ் செய்துகொண்டார்கள். அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்த ஒரே ஆள் நீதான். அதுதான் வினையாகப் போயிற்று.

நாலாவது அத்தியாயம் நினைவிருக்கிறதா? தகராறு வந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதும் பிரிவை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று விளக்க, உலகத்தில் உள்ள அத்தனை தப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பிரிவை நானே சமைத்தேன். அதைக் கறுப்புக் கட்டம் கட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'எக்காரணம் கொண்டும் இப்படி எழுதவே கூடாது' என்று போட்டேன். நீ புத்தகம் முழுக்கத் தேடி, அதையல்லவா எடுத்துப் பத்திரத்தில் எழுதியிருக்கிறாய்.

எனக்கு இது தெரிந்தது உன் காரியம் முடிந்த பிறகுதான். அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மாடி வீட்டு ஒப்பந்தத்தோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். "மேடம், தண்ணித் தொட்டியக் கழுவ வேண்டியது நானா, குடியிருக்கிறவரான்னு தெரியணும். சுவிட்சர்லாந்து சட்டத்துல எந்த அத்தியாயம் பாக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்தச் சட்டத்தைக் கணினியில் தேடி எடுத்து, பாதிவரை படித்து, பென்சிலால் குறிப்பும் எழுதி வைத்திருந்தார்.

பத்திரத்தை வாங்கிப் படித்தேன். 'மேற்படி ஒப்பந்தம் சம்பந்தமாக நம் இருவருக்குள் தகராறு ஏற்படும் பட்சத்தில், முதலில் முப்பது நாள் மனம் விட்டுப் பேசியும், அதில் தீராதபோது பாரிஸ் நகரத்திலாவது சிங்கப்பூரிலாவது வைத்து, தலைக்கு ஒருவரும் பொதுவில் ஒருவருமாக மூன்று நடுவர்களைக் கொண்டு, சுவிட்சர்லாந்து தேசத்துச் சட்டப்படி, பிரெஞ்சு பாஷையில் விசாரித்து முடித்துக்கொள்ள நாம் இருவரும் முழு மனதுடன் சம்மதித்து எழுதிக்கொண்டது.' என் கட்டத்துக்குள் இருந்த பிரிவு. 'மேற்படி' மட்டும் உன்னுடையது. காணாமல் போன பிள்ளையை அடுத்த வீட்டுக் கல்யாண போட்டோவில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

நீ இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் பிடித்து வந்து உன்னைக் கேட்டிருப்பேன். இப்போது யாரைக் கேட்பது?

அதன் பிறகு வாரத்துக்கு ஒருத்தராவது வந்தார்கள். அவர்களில் யாரையும் நான் மறக்கவில்லை என்றாலும், உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது திருவிடந்தை ஏசுதாஸையும் கன்னியப்பனையும் பற்றி. மைக் செட்டு, கல்யாண மேடை அலங்காரம் இரண்டும் சேர்த்துக் கூட்டுத் தொழில் செய்தவர்கள். கன்னியப்பனின் தங்கையைத்தான் ஏசுதாஸ் கட்டியிருக்கிறான், கட்டியதும் மேரி என்று பெயர் வைத்துக்கொண்டாள். அவர்களுக்குக் கூட்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது நீ. நீ எழுதி முடித்ததும் உன்னையும் மேடையில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்களாம். அந்தப் படத்தை எனக்குக் காட்டினார்கள். ராஜா நாற்காலியில் நீ, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏசுதாஸ் சர்ச்சிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் வேர்வை.

"அம்மா, அவன் பாஸ்போர்ட்டு எடுத்துட்டான். எனக்கு இன்னும் போலீஸ் வெரிபிகேசனே வரல. அவன் முன்னாடி பாரிஸ் போயி ஒண்டியா கேஸ ஜெயிச்சிக்கினு வந்துடுவான்."

"யாரு?"

"என் மச்சான் தாம்மா. கன்னியப்பன்."

நான் பதில் சொல்வதற்குள் கேட் சத்தம் கேட்டது. கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தான், கையில் புதுப் பாஸ்போர்ட்டோடு. நடுவராக உட்காரக்கூடிய ஒருத்தர் ஒரு தரப்பைத் தனியாகச் சந்திக்கவே கூடாது என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்பவள் நான். இருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தேன். ஒருவன் ஜன்னலைப் பார்த்தான், இன்னொருவன் ஃபிரிட்ஜைப் பார்த்தான்.

"சிங்கப்பூரும் போட்டிருக்கே, ஏன் பாரிஸ்?" என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பா மவன் பாண்டிச்சேரிலேர்ந்து போயி அங்கயே செட்டிலாயிக்கீறான் மேடம். பிரெஞ்சுக்கு அவனே ஆளு வெச்சிக் குடுப்பான்," என்றான் கன்னியப்பன்.

"பாத்தீங்களா," என்றான் ஏசுதாஸ் ஃபிரிட்ஜிடம்.

தனக்கு வாகான ஊராகப் பார்த்து வழக்கைக் கொண்டுபோகிற தந்திரத்தைப் பற்றி நான் ஒரு நீளமான கட்டுரை எழுதியிருக்கிறேன் அண்ணா. பெரிய எண்ணெய்க் கம்பெனிகளும் அரசாங்கங்களும் செய்கிற வேலை அது. அந்தக் கட்டுரையைப் படிக்காமலே கன்னியப்பன் அதைச் செய்திருந்தான்.

சரி, சண்டை என்ன என்று கேட்டால், நாற்காலி என்றார்கள். மணமகனும் மணமகளும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒரு ஜோடி, கைப்பிடியில் சிங்க முகம் வைத்தது. கூட்டு முறிந்த அன்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கன்னியப்பன் மஞ்சள் நீராட்டு விழாவாகப் பார்த்து ஒத்துக்கொள்கிறான், அதற்கு ஒற்றை நாற்காலி போதும். ஏசுதாஸ் பிறந்தநாளாகப் பார்த்து ஒத்துக்கொள்கிறான். தவறிப்போய் ஒரு கல்யாணத்தை ஒத்துக்கொண்டு, மாப்பிள்ளையைச் சிங்க நாற்காலியிலும் பெண்ணைப் பிளாஸ்டிக் நாற்காலியிலும் உட்கார வைத்து, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் ஏசுதாஸ் சொன்னான், பன்னிரண்டு நாளில் அவன் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் என்று. தாய்மாமன் வந்து மாலை போட்டுக் கையைப் பிடித்து இறக்காமல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். ஸ்டெல்லாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன், கன்னியப்பன்.

"தீர்ப்பு வர்ற வரிக்கும் அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்," என்றான் கன்னியப்பன். சொல்லும்போது அவன் ஜன்னலை விட்டுத் தரையைப் பார்த்தான்.

பாரிஸில் யாரும் பன்னிரண்டு நாளில் தீர்ப்புச் சொல்வதில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு உன் மேஜைக்குப் போனேன். உனக்கு டைப் அடித்துக் கொடுத்த ஷகிலாதான் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறாள். உன் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டிருக்கிறாள். நாற்காலியில் அவள் சாப்பாட்டுப் பை இருக்கிறது.

"ஷகிலா, இந்தப் பிரிவை எழுதவே கூடாதுன்னு மேல போட்டிருந்தேனே. அண்ணன் அதைப் பார்க்கலையா?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பாக்காம இன்னா மேடம். தெரிஞ்சிதான் போட்டாரு. சண்ட போடறவன் கோவமா பத்திரத்த தூக்கிக்கினு வருவான். சார் அந்தப் பக்கத்த படிச்சிக் காட்டுவாரு. பாரிஸ், சிங்கப்பூரு, பிரெஞ்சு பாஷ எல்லாம் கேட்டுட்டு பேஜாராயி அப்டியே உக்காந்துடுவான். அப்ப டீ சொல்லுவாரு. 'பாரிஸெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா, மொதல்ல முப்பது நாள் பேசணும்னு கீதே, அத இன்னைக்கு ஆரம்பிச்சிடலாமா'ன்னு கேப்பாரு. யாரும் மூணாவது நாள தாண்டனதில்ல."

"அண்ணனே சொன்னாரா, தெரிஞ்சுதான் போட்டேன்னு?"

"சொல்லுணுமா மேடம்," என்றாள் ஷகிலா.

அண்ணா, எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. நிஜமாகவே தெரிந்து போட்டாயா? இல்லை, கட்டம் கட்டிக் கொட்டை எழுத்தில் இருந்ததால் இதுதான் விசேஷமானது என்று நினைத்து எழுதிவிட்டு, பிறகு வந்த வம்பையெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தாயா? ஷகிலா உன்னைக் காப்பாற்றுகிறாளா? என் வாழ்நாளில் எழுதிய மிக மோசமான பிரிவை வைத்து நீ இத்தனை சண்டையை நிறுத்தியிருக்கிறாய். நான் நல்ல பிரிவு என்று எழுதிக் கொடுத்ததெல்லாம் எந்தச் சண்டையை நிறுத்தியது?

ஒன்று மட்டும் புரிந்தது. நீ இல்லாததால்தான் இவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அலைகிறார்கள். பாரிஸுக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நீ போய்விட்டாய்.

அதனால் நானே உட்காருவது என்று முடிவு செய்தேன். பிரிவில் கண்டபடி ஆளுக்கு ஒரு நடுவரை நியமியுங்கள், மூன்றாவது ஆளை அந்த இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று இருவரையும் அழைத்துச் சொன்னேன். நடுவர் யார் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டும், உறவினராக இருக்கவே கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். ஏசுதாஸ் தன் பெண்டாட்டி மேரியை நியமித்தான். கன்னியப்பன் தன் பெண்டாட்டி தனலட்சுமியை நியமித்தான். மேரியும் தனமும் போனிலேயே பேசி, மூன்றாவது ஆளாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டத்தைப் புரட்டினேன். தகராறு வந்த பிறகு இரண்டு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் உறவினர்கூட நடுவராக இருக்கலாம் என்று வழி இருக்கிறது. ஷகிலா அதை டைப் அடித்தாள். உட்காருகிற இடம் திருவிடந்தையில் ஏசுதாஸின் சாமான் கொட்டகை, பாஷை அவரவர் பேசுகிற பாஷை என்று மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு தரம் சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

விசாரணைக்கு இரண்டு நாற்காலியையும் சாட்சியப் பொருளாகக் கொண்டுவரச் சொன்னேன். கன்னியப்பன் தன் நாற்காலியை ஷேர் ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தான். ரொம்ப நாள் கழித்துச் சிங்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அதில் நாங்கள் உட்காருவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, மேரியும் தனமும் ஆளுக்கு ஒன்றில் உட்கார்ந்தார்கள். தலைமை நடுவரான எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

முறைப்படி என் சம்பந்தங்களை முதலில் அறிவித்தேன். "நான் இந்தப் பத்திரத்தை எழுதியவரின் தங்கை. இந்தப் பிரிவை முதலில் எழுதியது நான். போன வாரம் மேரி கொடுத்தனுப்பிய வஞ்சிரக் கருவாட்டைச் சாப்பிட்டிருக்கிறேன். இவற்றால் என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே சொல்லலாம்."

"அந்தக் கருவாடு நான் வாங்கிக் குடுத்தது," என்றாள் தனம். அது பதிவு செய்யப்பட்டது.

உலகத்தில் கட்சிக்காரர் நியமித்த நடுவர் அவருக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடுவார் என்றுதான் எல்லாப் புத்தகமும் பயப்படுகிறது. இங்கே அப்படி இல்லை. மேரி கேட்ட கேள்விகளில் ஏசுதாஸுக்கு வேர்த்துக் கொட்டியது. தனத்தின் கேள்விகளுக்குக் கன்னியப்பன் பதில் சொல்லத் தொடங்கியதுமே, "பொய் சொல்லாத," என்றாள். நியமித்தவருக்கு எதிராகச் சாய்ந்த நடுவர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. நான் எழுதலாம் என்றிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் நாற்காலியைப் பற்றியே பேசினார்கள். யார் வெல்வெட் மாற்றினார்கள், யார் சிங்கத்துக்குத் தங்க வர்ணம் அடித்தார்கள் என்று. கடைசியில் தனம்தான் சொன்னாள், "மேடம், மேட்டரு நாற்காலியே இல்ல."

ஏசுதாஸ் மெதுவாக ஆரம்பித்தான். மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் மேடை போடப் போயிருக்கிறார்கள். மேனேஜர் வந்து கன்னியப்பனைக் காட்டி யார் இவர் என்று கேட்டிருக்கிறார்.

"அவரு கோட்டு சூட்டு போட்டுக்கினு இருந்தாரு. இவன் லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு ஏணி மேல நின்னுகினு இருந்தான். நான் இன்னாம்மா சொல்றது. 'நம்மகிட்ட வேல செய்றவரு'ன்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்த தான். அவனுக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்."

"ஏணி மேல நின்னா காது கேக்காதா?" என்றான் கன்னியப்பன்.

அண்ணா, எழுதிக்கொண்டிருந்த குறிப்பை அப்படியே நிறுத்திவிட்டேன்.

என் தமிழ்ப் புத்தக வெளியீட்டு விழா உனக்கு நினைவிருக்கும். நீ வெள்ளைச் சட்டை போட்டு, பையில் மூன்று பேனாவோடு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். புத்தகத்தை வெளியிட வந்த ஓய்வுபெற்ற நீதிபதி உன்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். நான் சொன்னேன், "என் அண்ணன் சார். பதிவுத்துறையில இருக்கார்."

அவர் மரியாதையாக, "எந்தப் பதவி?" என்று உன்னைக் கேட்டார்.

நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். பிறகு சொன்னாய், "ஆபீசுக்கு வெளிய சார். புங்க மரத்துக்குக் கீழ."

அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நீயும் சிரித்தாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாய். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாய், கிண்டல் செய்தாய், புத்தகத்தை முழுக்கப் படித்தாய். அந்த வார்த்தையைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்கவில்லை. உனக்கு உறைக்கவில்லை என்று நான் நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. உன் தொழிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது அண்ணா. உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கொட்டகையில் நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன் போலிருக்கிறது. நான் சுவிட்சர்லாந்துச் சட்டத்தை யோசிப்பதாக நினைத்து எல்லாரும் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். மேரிதான், "மேடம், சோடா வேணுமா?" என்று கேட்டாள்.

மூன்று நடுவர்களும் கருவேல மரத்தடிக்குப் போய்ப் பேசினோம். தீர்ப்பு ஏகமனதாக வந்தது. நாற்காலிகள் எந்தக் காலத்திலும் பிரிக்கப்படக் கூடாது. மைக் ஏசுதாஸ் பொறுப்பு, மேடை கன்னியப்பன் பொறுப்பு, நாற்காலிகள் இருவருக்கும் பொது. ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் ஏசுதாஸ் தன் சொந்த மைக்கில் கன்னியப்பனை எல்லாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டும். பேர், முறை, தொழில் மூன்றையும் சொல்ல வேண்டும், ஒன்றும் விடக் கூடாது. மேரி தனியாக ஒரு வரி சேர்க்க விரும்பினாள். ஆம்பிளைகள் இரண்டு பேரும் இனிமேல் எதற்கும் பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டும் என்று. அதையும் சேர்த்தோம்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் கன்னியப்பன் ஸ்டெல்லாவுக்கு மாலை போட்டபோது அந்தப் பெண் அழுது மை கரைந்து, திரும்பவும் மை வைக்க வேண்டியிருந்தது. சர்ச் முடிந்து வரவேற்பில், ஏசுதாஸ் மைக்கைப் பிடித்தான். கன்னியப்பன் அந்த நேரம் பார்த்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எரியாத சீரியல் லைட்டைச் சரிசெய்ய ஏணி மேல் ஏறியிருந்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றான் ஏசுதாஸ். "ஏணி மேல கீறவரு கன்னியப்பன். என் மச்சான். இந்த மேடையெல்லாம் போட்டவரு, என் பார்ட்னரு."

கூட்டம் கை தட்டியது. கன்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மைக்க கொஞ்சம் தள்ளிப் புடி மச்சான்," என்றான், "கொய்யினு சத்தம் வருது."

நான் பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கை கழுவுகிற இடத்துக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். நீ இருந்திருந்தால் எனக்குத்தான் முதலில் சோடா சொல்லியிருப்பாய்.

மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், இனிப்பையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். தண்ணித் தொட்டிப் பெரியவரும் குடியிருக்கிறவரும் மாற்றி மாற்றிக் கழுவுவதாகப் பேசி முடித்துவிட்டார்கள், பேச உட்கார்ந்த இரண்டாம் நாளே. ஆனாலும் அவர் சுவிட்சர்லாந்துச் சட்டத்தின் மீதிப் பாதியையும் படித்துக்கொண்டிருக்கிறார். கன்னியப்பன் பாஸ்போர்ட் வீணாகிறதே என்று வருத்தப்படுகிறான். சனிக்கிழமைகளில் நான் புங்க மரத்தடிக்குப் போகிறேன். ஷகிலா தன் சாப்பாட்டுப் பையை எடுத்துவிட்டு, உன் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போடுகிறாள். உட்காரும்போது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. டீ சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அடுத்த மாதம் சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய நடுவர்கள் எல்லாரும் வருவார்கள், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு. இரண்டு நாற்காலி வழக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பேச்சு முடிந்ததும் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார், இப்படி ஒரு பிரிவை ஒப்பந்தத்தில் எழுதிய மனிதர் யார் என்று. அந்தக் கேள்விக்காகத்தான் நான் போகிறேன். பதிவுத்துறை என்று சொல்ல மாட்டேன் அண்ணா. எனக்கு நானே போட்டுக்கொண்ட தீர்ப்பு அது. பேர், முறை, தொழில் மூன்றையும் சொல்லுவேன், மைக் கொய்யென்று கத்தினாலும் நிறுத்த மாட்டேன்.

அதற்கு முன்னால், இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள். இவர் பேர் கோதண்டம். என் அண்ணன். திருக்கழுக்குன்றத்தில், ஆபீசுக்கு வெளியே, புங்க மரத்துக்குக் கீழே, பத்திரம் எழுதினார்.

இப்படிக்கு, மேற்படி பத்திர எழுத்தர் கோதண்டத்தின் கூடப்பிறந்த தங்கை,
வசந்தா